அடிக்கடி பிசகும் கணுக்காலோடு கபடி ஆடுகிறவர்களுக்கு

கணுக்கால் ஒருமுறை பிசகி ஆறுவது வேறு. பிசகுவதே அதற்குப் பழக்கமாகிவிடுவது வேறு. முதலாவதில் வீங்கும், வலிக்கும், சில வாரங்களில் வற்றிவிடும், மறந்தும் விடுவோம். இரண்டாவதில் பெரும்பாலான நாட்கள் வலியே இருக்காது. பஸ் படியிலிருந்து இறங்கும்போதோ, வாசல் கோலத்தை மிதிக்காமல் எட்டிக் கால் வைக்கும்போதோ, வரப்பில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடும்போதோ திடீரென்று பாதம் உட்பக்கமாக மடங்கும். எதையாவது பிடித்துச் சமாளித்து நின்றுவிடுவோம். ஆனால் அந்தக் காலை நம்பி அடுத்த அடி வைக்க மனம் தயங்கும். ஆட்டக்காரருக்கு அந்தத் தயக்கம்தான் பெரிய இழப்பு.

கல்லூரி அணிக்குக் கபடி ஆடிய நாட்களில் என் வலது கணுக்கால் இப்படி ஆனது. இப்போது திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து பெண்கள் கபடி அணியைப் பயிற்றுவிக்கிறேன். எந்த ஆண்டு அணி சேர்த்தாலும் அதில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இத்தகைய கணுக்காலோடு வந்து நிற்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "டீச்சர், டேப் போட்டுவிடுகிறீர்களா?" போட்டுவிடுகிறேன். ஆனால் கணுக்காலை இறுக்கிப் பிடிக்க ஒட்டும் இந்த டேப்பால் ஆவது எது, ஆகாதது எது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். டேப்பை மட்டும் நம்பிக் களமிறங்கி இரண்டு பருவத்தில் ஆட்டத்தை விட்ட திறமைசாலிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் என்னை எழுத வைக்கிறது.

மன்னார்குடி, நீடாமங்கலம், வடுவூர் பக்கங்களில் கபடியைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டியும் கோடைத் திருவிழாக்களை ஒட்டியும் ஊருக்கு ஊர் மின்னொளி ஆட்டங்கள் நடக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் பிடித்து ஆடியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மேட் விரித்த களங்கள் இப்போது கூடிவருகின்றன என்றாலும், ஊர் ஆட்டங்களில் பெரும்பாலும் மண் களம்தான். நம் வண்டல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் வழுக்கும். களம் போடுகிறவர்கள் கொத்தி, சலித்து, தண்ணீர் தெளித்து எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும், இரண்டு ஆட்டம் முடிவதற்குள் போனஸ் கோட்டுப் பக்கம் பள்ளம் விழுந்துவிடும். பாடிப் போகிறவள் கால் வைக்கும் இடமும் அதுதான்.

போனஸ் புள்ளியின் விதியை நினைத்துப் பாருங்கள். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்கும்போது, பாடுகிறவள் ஒரு காலால் போனஸ் கோட்டைத் தாண்டி மிதிக்க வேண்டும். அந்த நொடியில் மற்றக் கால் தரையில் படக் கூடாது. அதாவது உடம்பின் முழு எடையும் ஒற்றைக் காலில், அதுவும் எதிரணியின் பிடிக்குள் நிற்கிறது. காலை நீட்டித் தொடும்போதும் அப்படியே: நீட்டுகிற காலை எல்லோரும் பார்க்கிறோம், ஊன்றி நிற்கிற காலை யாரும் பார்ப்பதில்லை. கார்னரில் இருப்பவள் கணுக்காலைப் பிடித்துவிட்டால் இன்னும் கடினம். பாதம் பிடியில் இருக்கும், உடம்பு நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பும். நடுவில் முறுக்கப்படுவது அந்த மூட்டு.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் மூன்று லிகமென்ட்கள், அதாவது நார்கள், இருக்கின்றன. விரல்கள் கீழ்நோக்கியும் பாதம் உட்பக்கம் சாய்ந்தும் கால் தரையில் இறங்கும்போது, முன்னால் இருக்கும் லிகமென்ட்தான் முதலில் கிழியும். நாரோடு போவதில்லை சேதம். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் அங்கேதான் இருக்கின்றன. 1965இல் இங்கிலாந்தில் ஃப்ரீமன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதைக் கவனித்து எழுதினார்கள். கணுக்கால் பிசகியவர்களால் அந்தக் காலில் மட்டும் உறுதியாக நிற்க முடியவில்லை. ஆடும் பலகையில் நின்று பயிற்சி செய்தவர்களிடம் இந்தக் குறை குறைந்தது. கால் அடிக்கடி மடங்குவதற்குத் தளர்ந்த நார் மட்டுமே காரணமில்லை, நிலை பற்றிய உணர்வு மங்கியதும் காரணம் என்ற எண்ணம் அன்றிலிருந்து வலுத்தது.

நேரக் கணக்கும் உண்டு. பாதம் மடங்கத் தொடங்கி நார் கிழிவதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடிகூடத் தேவையில்லை. பாதத்தை வெளிப்பக்கமாக இழுத்துக் காப்பாற்றும் தசைகள் காலின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. திடீர் மடக்கத்துக்கு அவை பதில் சொல்லத் தொடங்கவே சுமார் 60 முதல் 90 மில்லி விநாடி ஆகும். பலம் திரண்டு வர அதற்கு மேலும் ஆகும். எனவே மடங்கிய பிறகு காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது. கால் தரையைத் தொடும் முன்பே அந்தத் தசைகள் விழித்திருக்க வேண்டும்.

இனி டேப். தஞ்சாவூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா எனக்குக் கற்றுத்தந்த முறையில்தான் இன்றும் போடுகிறேன்.

பிள்ளைகள் உடலைச் சூடேற்றும் பயிற்சியை முடித்து, வியர்வையைத் துடைத்த பிறகே டேப்பைக் கையில் எடுப்பேன். முதல் வேலை கொலுசைக் கழற்றுவது. "அம்மா கழற்றவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் டீச்சர்" என்று சில பிள்ளைகள் தயங்குவார்கள். கொலுசின் மேல் டேப் போட்டால் அது தோலில் பதிந்து வெட்டிவிடும். களத்தில் நகை கூடாது என்பது விதியும்கூட. அணி சேர்க்கும்போதே தாய்மார்களிடம் இதைப் பேசிவிடுகிறேன். கழற்றிய கொலுசுகளை ஒரு டப்பாவில் போட்டு நானே வைத்துக்கொள்வேன். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு எந்தத் தாயும் மறுத்ததில்லை.

பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். கணுக்கால் பெஞ்சின் ஓரத்தைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். பாதம் காலுக்குச் செங்குத்தாக, விரல்கள் முகத்தைப் பார்த்து, சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இந்த நிலை கடைசிவரை மாறக் கூடாது. பிள்ளைகள் பேச்சு சுவாரசியத்தில் பாதத்தைத் தளரவிடுவார்கள். தளர்ந்த பாதத்தில் போட்ட டேப், மடங்கிய நிலையிலேயே காலைப் பிடித்துவைக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய விடுவேன். கோடை இரவுகளில் நம் பக்கத்துப் புழுக்கத்தில் இதற்கே நேரம் எடுக்கும். விசிறிக் காய வைத்ததுண்டு. பாதமும் காலும் சேரும் முன்மடிப்பிலும் குதிகாலின் பின்னால் இருக்கும் தசைநாணின் மேலும் வாசலைன் தடவிய பஞ்சுத் துண்டு வைப்பேன், கொப்புளம் வரும் இடங்கள் அவை.

நீளாத வகைப் பருத்தி டேப், 38 மி.மீ. அகலம். கெண்டைச் சதைக்குக் கீழே முதல் சுற்று. அதைச் சுற்றும்போது கெண்டையை இறுக்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். இல்லாவிட்டால் ஓடும்போது சதை விம்மி டேப் இறுகும். பிறகு உட்பக்கத்திலிருந்து இறங்கி, குதிகாலின் அடியாகப் போய், வெளிப்பக்கம் ஏறும் பட்டைகள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி. வெளிப்பக்கம் ஏறும்போதுதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். திசை மாறினால் டேப் உள்மடக்கத்துக்குத் துணைபோகும். அதன் மேல் குதிகாலை இரு புறமும் பூட்டும் சுற்றுகள், பிறகு எட்டு வடிவச் சுற்று, கடைசியாக இடைவெளி தெரியும் இடங்களை மூடும் பட்டைகள். ஒரே சுருளாகச் சுற்றிக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு பட்டையையும் கிழித்துக் கிழித்து ஒட்டினால்தான் சுருக்கம் விழாது. முடிந்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்ப்பேன். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, விரல் மரத்தாற்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, எவ்வளவு நேரம் செலவிட்டிருந்தாலும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

மண் களத்தில் வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்குச் சில சிக்கல்கள் கூடுதல். உள்ளங்காலில் டேப் அதிகம் போனால் மண் ஒட்டிக் கட்டியாகும், பிடிமானம் போகும், விளிம்பு உரியும். அதனால் குதிகால் அடியில் தேவையான பட்டைகளை மட்டும் விட்டு, முன்பாதத்தை வெறுமையாக விடுகிறேன். வெளியே நீளும் வகை ஒட்டுப் பேண்டேஜை ஒரு சுற்று சுற்றினால் விளிம்பு உரிவது குறைகிறது. மேட் விரித்த களத்தில் ஷூ போட்டு ஆடும்போது இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அங்கே ஷூ மேட் விரிப்பை அப்படியே கவ்விக்கொள்ளும், உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது. அங்கே டேப் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

டேப் எவ்வளவு நேரம் தாங்கும்? 1962இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள்: 10 நிமிடம் கடுமையாக ஆடியதுமே டேப் தரும் பிடிப்பில் சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது. வீட்டில் மாலை ஐந்து மணிக்கே டேப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, பந்தலில் காத்திருந்து, இரவு ஒன்பதரைக்கு ஆடுகிற பிள்ளைகளை ஊர் ஆட்டங்களில் பார்க்கிறேன். அந்த டேப்பில் மிச்சமிருப்பது ஒட்டு மட்டும்தான். அழைப்பு வருவதற்குச் சற்று முன்பு போடுங்கள். 5 நிமிட இடைவேளையில் தண்ணீர் குடிக்கும் நேரத்திலேயே குதிகால் பூட்டை இரு புறமும் ஒவ்வொரு சுற்று கூட்டிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கத்தரியால் வெட்டி, தோலை ஒட்டியவாறே மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும். டேப்போடு தூங்கக் கூடாது.

ஒரு கணுக்காலுக்கு அரைச் சுருளுக்கு மேல் போய்விடும். பள்ளி அணிகளுக்கு இது சிறிய செலவில்லை. மேட் களத்தில் ஷூவோடு ஆடுகிறவர்கள் கயிறு கட்டும் வகைக் கணுக்கால் உறையை வாங்கிக்கொள்ளலாம்; திரும்பத் திரும்பப் பயன்படும், ஆட்டத்தின் நடுவே இறுக்கிக்கொள்ளலாம், காப்பதில் டேப்புக்குக் குறைந்ததில்லை. நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் வரும் நீளும் டேப் இப்போது எல்லா மருந்துக் கடையிலும் தொங்குகிறது. ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970களில் உருவாக்கிய வகை அது. அது நீளும் தன்மையுள்ளது. பாதம் மடங்குவதைத் தடுத்து நிறுத்தாது. பிசகிய கணுக்காலுக்குக் காப்பு என்று நினைத்து அதை வாங்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் டேப் தராத ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகளுக்கே காட்டிவிடுவதற்காக நான் பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் மூன்று கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று நேர் முன்னால். மற்ற இரண்டும் பின்னால், வலமும் இடமுமாகச் சாய்ந்து. மூன்றும் சேரும் புள்ளியில் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலின் பெருவிரலால் கோட்டின் மேல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போய், தரையை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். குதிகால் எழக் கூடாது, கைகள் இடுப்பில். தையல் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவோம். கபடி ஆடுகிற பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. காலை நீட்டித் தொடும் அதே வேலை. 2006இல் அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், முன்பக்க நீட்டலில் இரு கால்களுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் கால் காயங்கள் இரண்டரை மடங்கு அதிகம் நேர்ந்தன. எங்கள் நோட்டிலும் பிசகிய காலின் எண் எப்போதும் பின்தங்கியே நிற்கிறது.

சென்ற பருவத்தில் இடது கார்னர் ஆடும் மாணவி ஒருத்தியை டேப் இல்லாமலும் டேப் போட்டும் அளந்தேன். டேப் போட்டதும் அவள் முகமே மாறிவிட்டது. "இப்போது நன்றாக நிற்க முடிகிறது டீச்சர், இன்னும் தூரம் போகிறேன் பாருங்கள்" என்றாள். அளந்தால் முன்பக்கத் தூரம் சற்றுக் குறைந்திருந்தது. டேப் கணுக்காலை முன்னால் மடங்கவிடாமல் பிடிப்பதால் அப்படித்தான் ஆகும். பின்பக்கக் கோடுகளில் மாற்றமே இல்லை. அவள் மறுபடி அளக்கச் சொன்னாள். மறுபடியும் அதே எண்கள். நோட்டை வாங்கித் தானே பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். டேப் அவளுக்குத் தந்தது தைரியம். நிலையை அது கூட்டவில்லை.

சிட்னியில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதையே முறையாகச் செய்து பார்த்தது. கணுக்கால் நிலையற்றவர்களுக்கு உண்மையான டேப், பேருக்கு ஒட்டிய டேப், டேப்பே இல்லாமல் என்று மூன்று விதமாகத் தத்திக் குதிக்கவும் காலை நீட்டவும் வைத்தார்கள். செய்த காரியத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் டேப் எதுவாக இருந்தாலும், உறுதியாக இருக்கிறது, நம்பிக்கை வருகிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். இதைக் கேட்டதும் டேப் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1973இல் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், டேப் போட்டவர்களுக்குப் பிசகல்கள் குறைந்தன. முன்பே பிசகியவர்களுக்கு அந்தப் பலன் அதிகம். டேப் காக்கிறது. நிற்கக் கற்றுத் தருவதில்லை. கற்றுக்கொள்ளாத காலுக்கு இரவல் தைரியத்தை மட்டும் கொடுத்து, டேப் தளர்ந்திருக்கும் இரண்டாம் பாதியில் போனஸ் கோட்டுக்கு அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நிற்கக் கற்கும் பயிற்சிக்குப் பலகையும் கருவியும் தேவையில்லை. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்குங்கள். கபடியில் ஒரு முறை பாடிப் போக 30 விநாடி. நாங்களும் 30 விநாடி நிற்கிறோம். அசையாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி நிற்க வேண்டும். கண்ணை மூடினால்தான் காலின் உண்மை நிலை தெரியும். கண் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் கணுக்காலின் மேல் விழுகிறது. நன்றாக ஆடும் பிள்ளைகள்கூடச் சில விநாடிகளில் காலைக் கீழே வைத்துவிடுவார்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

பிறகு நான்காக மடித்த சாக்கின் மேல். அதற்கும் பிறகு மணலில். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து சேரும் வரை, வெண்ணாற்றின் காய்ந்த மணல்தான் எங்கள் கோடைப் பயிற்சி இடம். மணலில் நிற்கும்போது பாதத்துக்கு அடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். சிறு தசைகள் ஓயாமல் வேலை செய்யும். கண்ணாடித் துண்டும் முள்ளும் இல்லாத இடமாகப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர் வந்த பிறகு அந்தப் பக்கமே போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மிகவும் பலன் தந்தது, ஒற்றைக் காலில் நின்றபடி மூச்சு விடாமல் கபடிப் பாட்டைப் பாடுவது. ஒருத்தி நின்று பாட, எதிரே இன்னொருத்தி பந்தை இடமும் வலமுமாக வீசுவாள். பிடித்துத் திருப்பி வீச வேண்டும், பாட்டு அறுபடக் கூடாது. களத்தில் எந்தப் பிள்ளையும் கணுக்காலை நினைத்துக்கொண்டு ஆடுவதில்லை. மூச்சு, எதிராளி, நேரம் எல்லாம் மனத்தை இழுக்கும். அந்த இழுப்புக்கு நடுவில் நிலை தானாக நிற்க வேண்டும். இது கைவந்த பிறகே தாவி ஒற்றைக் காலில் இறங்கி அப்படியே நிற்கும் பயிற்சிக்குப் போகிறோம். இறங்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், முழங்கால் உள்ளே சாயக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது இதையெல்லாம் பயிற்சியின் கடைசியில், களைத்த பிறகு செய்யச் சொல்வேன். களைத்த காலில்தான் பெரும்பாலும் பிசகுகிறது என்பது என் கண் கண்ட அனுபவம்.

பலத்துக்குப் பழைய சைக்கிள் டியூப் ஒன்று போதும். பெஞ்சுக் காலில் கட்டி, வளையத்தை முன்பாதத்தில் மாட்டி, முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் இழுத்து, மெதுவாகத் திரும்பவிட வேண்டும். திரும்பவிடுகிற மெதுவில்தான் பலன். கூடவே படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது.

"வரப்பில் நடந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று மூத்த பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். நாற்று நடவுக்குத் தாயோடு போய்ச் சேற்றிலும் வரப்பிலும் நடந்த பாதம் நல்ல பாதம், மறுக்கவில்லை. ஆனால் நார் கிழிந்த பிறகு அந்தப் பழைய பழக்கம் தானாகத் திரும்புவதில்லை. சாக்பீஸ் கோட்டில் வந்து நிற்கச் சொன்னால் யாருக்கும் தெரிந்துவிடும்.

நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. எல்லோரும் புதிதாகக் கணுக்கால் பிசகி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள். அவர்களில் ஒரு பாதியினர் அதன் பிறகு 8 வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டுக்குள் மறுபடி பிசகியவர்கள் பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவீதம். செய்தவர்களில் 22 சதவீதம். வீட்டுத் திண்ணையில் செய்யக்கூடிய பயிற்சிக்கு இவ்வளவு பலன் என்றால் அதை ஏன் விட வேண்டும்? பல் தேய்க்கும் நேரத்தில் காலைக்கு ஒரு கால், மாலைக்கு ஒரு கால் என்று நிற்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புகிறேன். இரண்டு கால்களிலும் செய்ய வேண்டும். பிசகாத காலும் அடுத்தமுறை பிசகலாம்.

புதிதாகப் பிசகிய கால் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடர்ந்து பிசகும் கணுக்கால் பெரும்பாலும் அங்கே சரியாகக் கவனிக்காததில்தான் தொடங்குகிறது. நம் ஊரில் கால் பிசகினால் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள், அல்லது சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போய் எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். ஒரு மாணவியின் அப்பாயி, "மூன்று நாள் பற்றுப் போட்டால் வற்றிவிடும் டீச்சர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பேத்தியின் மேல் அவருக்கு இருந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டுதான். முதல் சில நாட்கள் அழுத்தி உருவ வேண்டாம், வீக்கம் கூடும். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு பற்றைப் பற்றிப் பேசலாம்.

எலும்பைப் பற்றி முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி உலகம் முழுவதும் பயன்படுகிறது. பிசகிய உடனேயும் பிறகும் அந்தக் காலில் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உட்பக்கம் பாத வளைவின் மேல் இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். எதுவும் இல்லை என்றால் துணி சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. அதோடு, வலி அனுமதிக்கும் அளவுக்கு இரண்டு மூன்று நாளிலேயே பாதத்தை மெல்ல அசைக்கத் தொடங்குவது. மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்து நேராகக் களத்துக்கு வருவதுதான் கெடுதல். திரும்பி வரலாமா என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு, வீக்கம் வற்றியதா என்பதோடு, சாக்பீஸ் கோட்டில் இரண்டு கால்களும் சமமாகப் போகின்றனவா, ஒற்றைக் காலில் தாவி இறங்கி நிற்க முடிகிறதா என்பது. அந்த எண் வரும்வரை எந்த இறுதி ஆட்டமாக இருந்தாலும் அவள் வெளியேதான் உட்கார்கிறாள். இதற்காக ஊர்க்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

எங்கள் அணியில் இப்போது நடைமுறை இதுதான்: சாதாரணப் பயிற்சியில் டேப் இல்லை, புதிதாகக் காயத்திலிருந்து திரும்பியவளுக்கு மட்டும் உண்டு. ஆட்டங்களில், பிசகிய கணுக்காலுக்குக் குறைந்தது ஒரு வருடம் டேப் உண்டு. பயிற்சியிலும் எப்போதும் டேப் போடுவதே பாதுகாப்பு என்று சொல்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சிமெண்டுத் தரையிலும் சாக்கிலும் தேறி, தாவி இறங்கத் தெரிந்த பிறகே பிள்ளையை டேப் இல்லாமல் களப் பயிற்சிக்கு விடுகிறோம் என்பதால் என் முறையில் நிற்கிறேன்.

என் வலது கணுக்கால் இப்போது மடங்குவது அரிது. பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே அந்தப் பழைய தளர்ச்சி தலைகாட்டும், ஆகவே விடுவதில்லை. சிலருக்கு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகும் கால் பிசகிக்கொண்டே இருக்கும். அவர்கள் எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நார் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, மூட்டின் உள்ளே குருத்தெலும்பு சேதமாகியிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். தளர்ந்த நாரை இழுத்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. சுவீடன் மருத்துவர் புரோஸ்ட்ரம் 1966இல் விவரித்த முறைதான் இன்றைய முறைகளுக்கு அடிப்படை. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போக வேண்டியிருப்பதில்லை. மருத்துவரிடம் போகும்போது, எந்தெந்தச் சூழலில் கால் மடங்கியது, எவ்வளவு நாள் என்னென்ன பயிற்சி செய்தாள், இரு கால்களின் அளவுகள் எவ்வளவு என்று எழுதிய நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.